என் தம்பி சூரியன் வரையவில்லை: ஓவியக் கண்காட்சி நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஓவியக் கண்காட்சிகளும் போட்டிகளும் நடத்தும் அமைப்பாளர்களுக்கும், காட்சிக்கூடப் பொறுப்பாளர்களுக்கும், நடுவர்களுக்கும்,

வணக்கம்.

சென்ற ஆண்டு ஒரு கண்காட்சியில் என் தம்பியின் படம் ஒன்றை மாட்டியிருந்தார்கள். அதன் வலது மூலையில் ஒரு சூரியன் இருந்தது. மஞ்சள் வட்டம், சுற்றிலும் கதிர்கள், கீழே இளநீலத்தில் வானம். படம் தம்பி வரைந்தது. சூரியனை வரைந்தது வேறு யாரோ.

தம்பிக்கு இப்போது 34 வயது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவன். கொடியில் காயும் துணிகளை வரைவான். பல வருடங்களாக அதையேதான் வரைகிறான். சட்டைகள், கால்சட்டைகள், எப்போதாவது ஒரு போர்வை. கொடி தாளின் இடது ஓரத்தில் தொடங்கும், முக்கால்வாசி வந்ததும் நின்றுவிடும். அதற்கு அப்பால் வெள்ளைத் தாள் அப்படியே இருக்கும். "இன்னும் இடம் இருக்கேடா" என்று ஆரம்பத்தில் நானும் சொல்லிப் பார்த்திருக்கிறேன். "போதும்" என்பான்.

அந்தப் 'போதும்' கண்காட்சித் தன்னார்வலர் ஒருவருக்குப் போதவில்லை. வெறுமையாகக் கிடக்கிறதே, பிள்ளை முடிக்காமல் விட்டுவிட்டதோ என்று நினைத்து, ஃபிரேம் போடும் முன் நல்லெண்ணத்தில் நிரப்பிவிட்டார்.

திறப்பு விழா அன்று தம்பி படத்தின் முன்னால் வந்து நின்றான். பைஃபோகல் கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியாகப் பார்ப்பதற்காக முகவாயை உயர்த்தி, ஒரு சாண் தூரம்வரை நெருங்கிப் பார்த்தான். சூரியன் மேல் விரலை வைத்தான். "என்னுது இல்ல" என்றான். பக்கத்தில் நின்ற ஏற்பாட்டாளர் சிரித்துக்கொண்டே, "உன்னுதுதான் கண்ணா, பேர் போட்டிருக்கு பாரு" என்றார். "என்னுது இல்ல." புகைப்படத்துக்கு நிற்க மறுத்துவிட்டான். பாவம், கூட்டத்தைப் பார்த்து மிரண்டுவிட்டான் என்று பேசிக்கொண்டார்கள். கூட்டத்துக்கு மிரளுகிற ஆள் அவன் இல்லை. தன் படத்தில் இன்னொருவர் கை பட்டிருப்பதைக் கண்டுபிடித்துவிட்டான், அவ்வளவுதான். வேறு எந்த ஓவியர் இதைச் சொல்லியிருந்தாலும் அன்றைக்கு அந்தக் கூடத்தில் ரகளை ஆகியிருக்கும்.

அந்த அமைப்பின் பெயரை எழுதப்போவதில்லை. சூரியன் வரைந்தவர் பிறகு வருத்தப்பட்டு மன்னிப்புக் கேட்டார், அது ஒரு காரணம். இன்னொரு காரணம், இது அவர் ஒருவர் செய்த தவறு மட்டும் இல்லை. இதுவரை பத்துப் பன்னிரண்டு இடங்களுக்குத் தம்பியை அழைத்துப் போயிருக்கிறேன். எல்லா இடத்திலும் அந்தச் சூரியன் ஏதோ ஓர் உருவில் வந்துகொண்டேதான் இருக்கிறது. அதனால் இந்த மடல் உங்கள் எல்லோருக்கும்.

முதலில், படத்தின் பக்கத்தில் ஒட்டுவீர்களே, அந்தச் சீட்டு. சூரியன் இருந்த அந்தக் கண்காட்சி நடந்த கட்டடத்திலேயே, கீழ்த்தளத்தில், மற்ற ஓவியர்களின் காட்சி நடந்துகொண்டிருந்தது. அங்கே ஒவ்வொரு சீட்டிலும் ஓவியர் பெயர், படத்தின் பெயர், தாளா துணியா, எண்ணெய் வண்ணமா நீர் வண்ணமா, அளவு, வருடம் எல்லாம் இருந்தன. மேல்தளத்தில் தம்பியின் சீட்டில் அவன் பெயர், அதன் கீழே 'டவுன் சிண்ட்ரோமை வென்ற சாதனையாளர்'. முடிந்தது. படம் எதனால் வரைந்தது என்றுகூட இல்லை. (எண்ணெய் பேஸ்டல், கறுப்பு மார்க்கர், கெட்டித் தாள். கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.)

டவுன் சிண்ட்ரோமை யாரும் வெல்ல முடியாது. அது காய்ச்சலோ எதிரியோ இல்லை. எல்லோருக்கும் இரண்டாக இருக்கும் 21-ஆவது குரோமோசோம் இவர்களுக்கு மூன்றாக இருக்கிறது. பெரும்பாலும் கரு உருவாகும்போதே, உடம்பின் எல்லா செல்களிலும். அதை வைத்துக்கொண்டுதான் அவன் வாழ்கிறான், சாப்பிடுகிறான், வரைகிறான், என்னோடு சண்டை போடுகிறான். இன்னொரு விழாவில் ஒரு பேச்சாளர் 'டவுன்' என்றால் 'கீழே' என்று பொருள் எடுத்துக்கொண்டு, "இவர்கள் டவுன் இல்லை, அப்!" என்று முழங்கினார். பலத்த கைதட்டல். 1866-ல் இந்த நிலையை முதலில் தெளிவாக விவரித்து எழுதிய ஜான் லாங்டன் டவுன் என்ற ஆங்கிலேய மருத்துவரின் பெயர் அது. குரோமோசோம் கணக்கு தெரியவந்தது 1959-ல்தான். மேடை ஏறும் முன் ஒரு நிமிடம் யாரையாவது கேட்டிருக்கலாம்.

பிரெஞ்சு ஓவியர் க்ளோத் மோனேவுக்குக் கண்புரை இருந்தது. 1912-ல் கண்டறிந்தார்கள், 1923-ல் அறுவை சிகிச்சை செய்தார்கள். இடைப்பட்ட காலத்துப் படங்களில் சிவப்பும் பழுப்பும் ஏறிக்கிடக்கும். இன்னொரு பிரெஞ்சு ஓவியரான ஆன்றி மத்தீஸ் 1941-ல் வயிற்றில் நடந்த பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு சக்கர நாற்காலியிலும் படுக்கையிலும் இருந்தபடி வண்ணத் தாள்களைக் கத்தரித்து ஒட்டத் தொடங்கினார். இந்த விவரங்களைச் சொல்லவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். படத்தைப் பார்த்துவிட்டு இவற்றையும் தெரிந்துகொண்டால் படம் இன்னும் கொஞ்சம் பிடிபடும். ஆனால் 'கண்புரையை வென்ற சாதனையாளர் மோனே' என்று எந்தச் சுவரிலாவது சீட்டு ஒட்டியிருக்கிறார்களா?

தம்பியின் உடம்புக்கும் படத்துக்கும் நிச்சயம் தொடர்பு இருக்கிறது. அவன் வரையும் சட்டைகளில் பித்தான்கள் பெரிதாக இருக்கும், சட்டையின் அகலத்தில் பாதி அளவுக்கு. ஒவ்வொன்றிலும் நான்கு ஓட்டை, தவறவே தவறாது. ஓட்டை போடும்போது நாக்கு நுனி வெளியே வந்துவிடும், மூச்சு சத்தமாகும், யார் கூப்பிட்டாலும் திரும்பமாட்டான். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தசைகளில் இறுக்கம் குறைவு, மூட்டுகள் தளர்வு, விரல்கள் குட்டை. பென்சில் பிடிப்பது, நாடா கட்டுவது, பித்தான் போடுவது எல்லாம் தாமதமாகத்தான் வரும். தம்பி சட்டைப் பித்தானை முதல்முதலில் தானே போட்டு முடித்தபோது அவனுக்கு 13 வயது. அதற்கு முன்னால் எத்தனையோ நாள், மேலிருந்து வரிசையாகப் போட்டுக்கொண்டு வருவான், கடைசியில் ஒரு பித்தான் மிஞ்சும். எல்லாவற்றையும் கழற்றி மறுபடி மேலிருந்து தொடங்குவான். உதவிக்குப் போனால் கையைத் தட்டிவிடுவான். அந்தப் பித்தான்கள்தான் படத்தில் இவ்வளவு பெரிதாகிவிட்டன என்று எனக்குத் தோன்றும். இது என் ஊகம். அவன் அப்படிச் சொன்னதில்லை.

கோடுகளும் அப்படித்தான். அவன் கோடு தடிமனாக, கன்னங்கறேலென்று இருக்கும். "என்ன துணிச்சலான கோடு!" என்று ஓர் ஓவியர் பாராட்டினார். எனக்கு மகிழ்ச்சிதான். கூடவே ஒரு விஷயம் தெரியும். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் பலருக்குப் பக்கத்தில் இருக்கும் பொருளில் கண்ணைக் குவிப்பது கடினம். கண்ணாடி போட்டாலும் நுண்ணிய விவரங்களும் மங்கிய நிற வேறுபாடுகளும் மற்றவர்களுக்குத் தெரிகிற அளவுக்குத் தெரிவதில்லை. பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். பைஃபோகல் கண்ணாடி குழந்தைகளுக்கு எவ்வளவு உதவுகிறது என்பதும் அங்கே நடந்த வேலைதான். ஆக, அந்தக் கறுப்புக் கோடு துணிச்சலா, பார்வைக் குறைவா? இரண்டுமாகவும் இருக்கலாம். மெல்லிய கோடும் அவனால் போட முடியும், போட்டும் இருக்கிறான். பார்த்துவிட்டு அதன் மேலேயே தடித்த கோட்டை இழுத்துவிடுவான்.

உங்கள் பயிலரங்குகளில் ஹெச்.பி. பென்சிலையும் வழவழப்பான மெல்லிய தாளையும் கொடுத்து உட்காரவைக்கிறீர்களே, அதனால்தான் இதையெல்லாம் சொல்கிறேன். அந்த வெளிர்சாம்பல் கோடு எங்கள் ஆட்கள் பலருக்குக் கண்ணிலேயே படாது. தாள் நழுவும். நாற்காலி உயரமாக இருந்தால் கால் தரையில் படாமல் தொங்கும், உடம்பைத் தாங்கிக்கொள்வதிலேயே பாதிச் சக்தி போய்விடும். சாய்ந்த பலகை, நான்கு மூலையிலும் டேப், தடித்த கைப்பிடியுள்ள தூரிகை, கறுப்பு மார்க்கர், காலுக்கு ஒரு மணை. இவ்வளவுதான் கேட்கிறோம். அப்புறம், மைக்கில் கத்திச் சொல்லாதீர்கள். காதில் நீர் கோத்துக்கொண்டு கேட்கும் திறன் மந்தமாவது இவர்களிடம் சகஜம். வாயால் சொன்னதைவிடக் கண்ணால் பார்த்தது நன்றாக நிற்கும். எதிரில் வந்து செய்து காட்டினால் போதும்.

கேள்வி கேட்டால் பதிலுக்குக் காத்திருங்கள். இவர்களுக்குப் புரிகிற அளவுக்கு வாயில் வார்த்தை வராது. உள்ளே பதில் தயாராகி நாக்குக்கு வருவதற்குள் கேட்டவர் அடுத்த ஆளிடம் போயிருப்பார். ஒரு மேடையில் தொகுப்பாளர் தம்பியிடம், "உனக்குப் பிடிச்ச கலர் என்ன? சிவப்பா? சிவப்புதானே! எல்லாரும் கை தட்டுங்க" என்று தானே கேட்டுத் தானே முடித்துக்கொண்டார். தம்பி மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது சொன்னான்: "பச்ச."

சரி, உங்களை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் நியாயமில்லை. ஒருமுறை போட்டி விண்ணப்பத்தில் 'படத்தின் தலைப்பு' என்று கேட்டிருந்தார்கள். நான் யோசித்து, 'விடுதலை' என்று எழுதினேன். காற்றில் படபடக்கும் சட்டைகள், வெறும் வெளி, எனக்குப் பிரமாதமாகத்தான் இருந்தது. அனுப்புவதற்கு முன்னால் அவனுக்கும் படித்துக் காட்டினேன். "விடுதலைன்னா?" என்றான். விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, படத்தைக் காட்டி, "துணி" என்றான். அடித்துவிட்டு 'துணி' என்று எழுதினேன். நான் போட்டதும் ஒரு சூரியன்தான் என்பது அப்புறம்தான் உறைத்தது. அன்றிலிருந்து அவன் சொல்வதுதான் தலைப்பு. 'துணி', 'ஈரத் துணி', 'அப்பா சட்டை', 'நாளைக்கு'. கடைசியில் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன், சொல்லவில்லை. சொல்லியாகவேண்டும் என்று கட்டாயமும் இல்லை.

தலைப்பே வைக்காத ஒருவரைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாக எழுதவேண்டும். ஜூடித் ஸ்காட். 1943-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் இரட்டையரில் ஒருவராகப் பிறந்தார். ஜூடித்துக்கு டவுன் சிண்ட்ரோம், கூடப் பிறந்த ஜாய்ஸுக்கு இல்லை. ஏழு வயதில் ஜூடித்தைக் காப்பகத்தில் சேர்த்துவிட்டார்கள். அவருக்குக் காது கேட்காது என்பதை அங்கே யாரும் கவனிக்கவில்லை. கேள்வி கேட்டார்கள், பதில் வரவில்லை, கல்வி கற்பிக்க முடியாதவர் என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். காது கேட்காது என்பதே அவருடைய முப்பதுகளில்தான் தெரியவந்தது. 35 ஆண்டுகள் காப்பகத்தில் கழிந்த பிறகு, 1980-களின் நடுவில், ஜாய்ஸ் சட்டப்படி பாதுகாவலராகித் தன்னோடு கலிஃபோர்னியாவுக்கு அழைத்துக்கொண்டார். 1987-ல் ஓக்லாந்தில் உள்ள கிரியேட்டிவ் க்ரோத் கலைக்கூடத்தில் சேர்த்தார்.

சேர்ந்ததும் அற்புதம் நடந்துவிடவில்லை. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஒன்றுமே நடக்கவில்லை. தாள், வண்ணம் எதிலும் அவருக்கு மனம் ஒட்டவில்லை. பிறகு நூலிழைக் கலைஞரான சில்வியா செவன்டி அங்கே ஒரு வகுப்பு எடுக்க வந்தார். ஜூடித் நூலைக் கையில் எடுத்தார். வகுப்பில் காட்டியதைச் செய்யவில்லை. கையில் அகப்பட்ட பொருட்களைச் சேர்த்துக் கட்டி, நூலாலும் துணியாலும் சுற்றத் தொடங்கினார். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் சுற்றுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத அளவுக்குச் சுற்றுவார். கடைகளில் சாமான் தள்ளிக்கொண்டு போகிற வண்டி ஒன்றையே அப்படி உள்ளடக்கியிருக்கிறார். ஒருமுறை நூல் கிடைக்காதபோது கை துடைக்கும் காகிதத்தை முடிச்சுப் போட்டு முடிச்சுப் போட்டு வெள்ளைவெளேரென்று ஒரு சிற்பத்தை உண்டாக்கினார். 2005-ல் 61 வயதில் இறந்தார். அதற்குள் ஏறக்குறைய 200 படைப்புகள். 2014-ல் புரூக்ளின் அருங்காட்சியகம் அவருக்கென்று தனிப் பெரும் காட்சி நடத்தியது. 2017-ல் வெனிஸ் பினாலே என்ற உலகக் கலைக் கண்காட்சியில் அவர் படைப்புகள் இருந்தன. தன் படைப்பைப் பற்றி ஒரு வார்த்தை அவர் பேசியதில்லை. சீட்டுகளில் 'தலைப்பில்லை' என்றே இருக்கும்.

இந்தக் கதையில் எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருவது அருங்காட்சியகங்கள் இல்லை, அந்த இரண்டு ஆண்டுகள். ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்த ஒருவருக்காக அந்தக் கலைக்கூடம் மேசையில் இடத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தது. உங்கள் பயிலரங்கு காலை பத்து மணிக்குத் தொடங்கி ஒரு மணிக்கு முடிகிறது. ஒன்றே காலுக்குச் சான்றிதழ். வரையாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கையைப் பிடித்து ஏதாவது ஒரு பூவை வரையவைத்துவிடுகிறார்கள், சான்றிதழ் கொடுக்கவேண்டுமே. வருடத்தில் நான்கு அரைநாள் பயிலரங்கு நடத்தும் செலவில், ஒரே அறையை வாரம் இருமுறை வருடம் முழுவதும் திறந்துவைக்க முடியுமா என்று பாருங்கள். 2025-ல் பிரிட்டனின் புகழ்பெற்ற கலை விருதான டர்னர் பரிசு பெற்ற நெனா கலூவும் (அவருக்கு டவுன் சிண்ட்ரோம் இல்லை; ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உண்டு, பேச்சு மிகக் குறைவு) ஒரே நாளில் முளைத்தவர் இல்லை. லண்டனில் ஆக்‌ஷன்ஸ்பேஸ் என்ற அமைப்பு அவரோடு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கூடவே இருந்து வேலை செய்திருக்கிறது.

இதைப் படித்துவிட்டு, இவர்கள் எல்லோருக்கும் கலை ரத்தத்திலேயே ஊறியிருக்கிறது என்று ஆரம்பித்துவிடாதீர்கள். எப்போதும் சிரித்த முகம், இசை என்றால் உயிர், கள்ளங்கபடம் அறியாதவர்கள், இப்படி ஒரு பட்டியல் ஏற்கனவே சுற்றிக்கொண்டிருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு வண்ணம் கையில் பட்டாலே அருவருப்பு. பொருட்களை அளவு வாரியாக அடுக்குவதில்தான் அவளுக்கு இன்பம். அவளையும் இழுத்துவந்து ஓவியராக்க வேண்டாம். தம்பியும் கள்ளங்கபடம் அறியாதவன் ஒன்றும் இல்லை. என் மார்க்கர்களை எடுத்து ஒளித்துவைத்துவிட்டு என்னோடு சேர்ந்து தேடுவான்.

அவனுக்கு வரைதல் மருத்துவமாகத்தான் வந்தது. ஆறு வயதில், விரல்களுக்குப் பலம் வரட்டும் என்று பிசியோதெரபி கொடுத்த அம்மையார் தடித்த கிரேயானைக் கையில் கொடுத்தார். அந்த அம்மையாரை நாங்கள் மறக்கவில்லை. ஆனால் 28 ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்னும் அவன் வரைவதைப் பார்க்கிறவர்கள் "நல்ல தெரபி" என்றுதான் சொல்கிறார்கள். தெரபியில் படம் நன்றாக வந்திருக்கிறதா என்று யாரும் பார்க்கமாட்டார்கள். அவனோ அதைத்தான் பார்க்கிறான். பிடிக்காத படத்தை நான்காக மடித்துக் குப்பையில் போடுகிறான். போன மாதம் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று அப்படிப் போனது. எடுத்து நீவி வைத்துக்கொள்ளலாமா என்று கை துறுதுறுத்தது. எடுக்கவில்லை.

வயது விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அறிவிக்கும் போட்டிகள் எல்லாமே 'சிறப்புக் குழந்தைகளுக்கு'. விழாவில் சிறப்பு விருந்தினர் தம்பியின் கன்னத்தைத் தட்டி, "தெய்வக் குழந்தை" என்கிறார். தெய்வக் குழந்தை அன்று காலை முகச்சவரம் செய்துகொண்டு வந்திருந்தான். அமெரிக்கக் கணக்குப்படி டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் 1983-ல் 25 ஆண்டுகள். இன்று ஏறக்குறைய 60. பிறவியிலேயே வரும் இதயக் கோளாறுகளுக்கு அறுவை சிகிச்சை வந்தது, காப்பகங்களில் தள்ளிவிடுவது குறைந்தது, ஆயுள் கூடியது. குழந்தைப் பருவத்துக்குப் பிறகு நாற்பது வருட வாழ்க்கை இருக்கிறது. அந்த நாற்பது வருடத்துக்கும் உங்கள் அறிவிப்புப் பலகையில் எதுவும் இல்லை.

இதில் ஓர் அவசரமும் இருக்கிறது. அல்சைமர் நோயோடு தொடர்புடைய ஒரு புரதத்துக்கான மரபணு அதே 21-ஆவது குரோமோசோமில்தான் உட்கார்ந்திருக்கிறது. மூன்று பிரதி இருப்பதால் மறதிநோய் இவர்களுக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரமே, ஐம்பதுகளிலேயேகூட வந்துவிடுவது அதிகம். எல்லோருக்கும் வரும் என்று இல்லை. ஆனாலும் நான் தம்பியின் ஒவ்வொரு படத்தின் பின்னாலும் தேதி எழுதிவைக்கிறேன். 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று நீங்கள் சொல்லும்போது எனக்கு அந்தத் தேதிகள் ஞாபகத்துக்கு வரும்.

பணம் பற்றி யாரும் பேசுவதில்லை, நான் பேசிவிடுகிறேன். ஓர் அமைப்பு தம்பியின் படத்தை நாட்குறிப்பேட்டின் அட்டையில் அச்சிட்டு விற்றது. நாங்கள் அதைப் பார்த்தது வேறொருவர் கையில். கேட்டபோது, "எல்லாம் இவங்களை மாதிரிப் பிள்ளைங்க நலனுக்குத்தானே" என்றார்கள். நலன் யாருக்கு என்பது இருக்கட்டும், படம் யாருடையது? அவனுக்குக் கிடைத்தது ஒரு கேடயம். வீட்டில் இப்போது 11 கேடயங்கள் இருக்கின்றன. வரையும்போது தாள் பறக்காமல் இருக்க இரண்டை மேசையில் வைத்திருக்கிறான், மற்றவை அட்டைப்பெட்டியில்.

படிவத்தில் பாதுகாவலர் கையெழுத்து வேண்டும் என்றால் போடுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் அவனைக் கேளுங்கள். கேட்க முடியும். 'இந்தப் படம், இந்த மாதிரி அட்டையில் வரும், நிறையப் பேர் வாங்குவார்கள்' என்று ஒரு மாதிரியைக் கையில் கொடுத்துக் காட்டுங்கள். அன்றைக்கே பதில் கேட்காமல் மறுநாள் மறுபடி கேளுங்கள். இரண்டு நாளும் ஒரே பதில் வந்தால் அதுதான் அவன் பதில். பச்சைப் போர்வை வரைந்த படத்தை மூன்று பேர் விலைக்குக் கேட்டுவிட்டார்கள். "அது வீட்டுக்கு" என்கிறான், மூன்று முறையும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006-லேயே வந்துவிட்டது. அதன் 30-ஆவது பிரிவு, படைப்பாற்றலை வளர்த்துக்கொண்டு பயன்படுத்தும் வாய்ப்பு இவர்களுக்கு வேண்டும் என்கிறது, அவர்களுடைய நன்மைக்காக மட்டும் இல்லாமல் சமூகம் வளம் பெறுவதற்காகவும். உங்கள் அறிக்கைகளில் அந்தப் பிரிவை மேற்கோள் காட்டுகிறீர்கள். இரண்டாவது பாதியைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். கொடுக்கிற இடத்தில் இவர்களும் இருக்கிறார்கள் என்று அதில் எழுதியிருக்கிறது.

தனிப் பிரிவு, தனித் தளம், தனிப் பரிசு வேண்டவே வேண்டாமா என்று என்னைச் சிலர் கேட்டிருக்கிறார்கள். தொடக்கத்துக்கு அது உதவும், மறுக்கமாட்டேன். ஆனால் 1996-ல் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருதை இருவர் பகிர்ந்துகொண்டார்கள். ஒருவர் பிரான்ஸின் புகழ்பெற்ற நடிகர் தனியேல் ஓத்தேய், மற்றவர் அதே படத்தில் அவரோடு நடித்த, டவுன் சிண்ட்ரோம் உள்ள பெல்ஜிய நடிகர் பஸ்கால் துக்கென். அங்கே 'சிறப்பு நடிகருக்கான ஊக்கப் பரிசு' என்று ஒன்றைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. இருந்த விருதையே கொடுத்தார்கள்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால், எல்லோருக்குமான ஒரு போட்டிக்குத் தம்பியின் படத்தை அனுப்பினோம். டவுன் சிண்ட்ரோம் பற்றி விண்ணப்பத்தில் எங்கேயும் எழுதவில்லை, கேட்கவும் இல்லை. ஆறு வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது. 'திரு.' என்று போட்டு அவனுடைய முழுப்பெயர். தங்கள் படைப்பு இம்முறை தேர்வாகவில்லை, அனுப்பியதற்கு நன்றி. அச்சடித்த கடிதம்தான், நூற்றுக்கணக்கானவர்களுக்குப் போயிருக்கும். மூன்று முறை படிக்கச் சொன்னான். "யாருக்கு?" "உனக்குத்தான்டா." முகம் சிவந்துவிட்டது. "அவங்களுக்குப் பாக்கத் தெரியல" என்றான். நான்கு நாள் மார்க்கரைத் தொடவில்லை. அம்மா என்னைத் திட்டினார், அவனை எதற்கு இதிலெல்லாம் இழுத்துவிட்டாய் என்று. ஐந்தாம் நாள் உட்கார்ந்தான். அன்றைக்கு வரைந்ததில் கொடி முதல்முறையாகச் சாய்ந்திருந்தது.

அந்தக் கடிதத்தைத் தன் படக்கோப்பில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருக்கிறான். வீட்டுக்கு யார் வந்தாலும் கேடயங்களைக் காட்டுவதில்லை, இதைத்தான் எடுத்துக் காட்டுகிறான். இதுவரை அவனுக்கு வந்த கடிதங்களில் 'திரு.' போட்டு வந்தது அது ஒன்றுதான்.

உங்கள் அடுத்த கண்காட்சிக்கு, பொதுப் பிரிவில், மூன்று படங்கள் அனுப்புகிறோம். மூன்றும் கெட்டித் தாளில் எண்ணெய் பேஸ்டலும் கறுப்பு மார்க்கரும். வண்ணம் ஒட்டிக்கொள்ளும், அதனால் இடையே வைத்திருக்கும் மெல்லிய தாளை எடுக்கவேண்டாம். கையெழுத்து இருக்கும் பக்கம் கீழ்ப்பக்கம். ஒரு படத்தில் மட்டும் கையெழுத்து மேலே இருக்கிறது, அதையும் அவனிடம் கேட்டு உறுதி செய்துவிட்டேன், அப்படியே மாட்டுங்கள். பிடிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள், அவன் பெயருக்கே. முதல் படத்தின் தலைப்பு 'மழ வருது', இரண்டாவது 'துணி'. மூன்றாவதுக்கு அவன் இன்னும் பெயர் சொல்லவில்லை. சொன்னதும் எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
அவனுடைய அக்கா